ஊட்டிக் காவலும் ஓட்டுரிமையும்: போர்க்கால நீலகிரியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

1917 ஜூன் மாத நடுவில் சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அரசு மூன்று பேருக்கு ஓர் உத்தரவு அனுப்பியது. பிரம்மஞான சபைத் தலைவர் அன்னி பெசன்ட், அவரோடு பணியாற்றிய ஜார்ஜ் அருண்டேல், பி.பி. வாடியா. இனிமேல் கூட்டத்தில் பேசக்கூடாது, எழுதியதை அச்சுக்குக் கொடுக்கக்கூடாது, சென்னையில் இருக்கவே கூடாது. அரசு சொல்லும் சில இடங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அங்கே போய் இருந்துகொள்ள வேண்டும். பெசன்ட் அம்மையார் ஊட்டியைத் தேர்ந்தெடுத்தார். அப்போது அவருக்கு வயது 69.

கோடை வந்தால் சென்னை அரசாங்கமே மூட்டை கட்டிக்கொண்டு ஊட்டிக்கு ஏறிவிடும் காலம் அது. ஆளுநருக்கு அங்கே மாளிகை, அதிகாரிகளுக்கு அங்கே அலுவலகம். ஆக, அரசு யாரைக் கண்ணில் படாமல் வைக்க நினைத்ததோ அவர் அரசின் கோடைத் தலைநகருக்கே வந்து உட்கார்ந்தார். பிரம்மஞான சபைக்கு அங்கே, சபையை நிறுவியவர்களில் ஒருவரான கர்னல் ஆல்காட் காலத்து வீடு ஒன்று இருந்தது, பெயர் குலிஸ்தான். அந்த வீட்டுத் தோட்டத்தில் சிவப்பும் பச்சையுமான ஹோம் ரூல் (சுயாட்சி) இயக்கக் கொடியை ஏற்றி வைத்தார் அம்மையார். பேசத்தானே தடை, கொடிக்குத் தடை இல்லையே!

போருக்கும் சிறைக்கும் நீலகிரி பழகிய இடம்தான். சீனாவில் நடந்த அபினிப் போரில் பிடிபட்ட கைதிகளை நடுவட்டத்தில் வைத்திருந்ததாகவும், தியாஷோலா பக்கம் முதல் தேயிலைச் செடிகளை நட்டதில் அவர்கள் கை உண்டு என்றும் சொல்வார்கள். தென்னாப்பிரிக்காவின் போயர் போர்க் கைதிகள் 1900களின் தொடக்கத்தில் கேத்தியிலும் வெலிங்டனிலும் முகாம்களில் இருந்தார்கள். அந்த வரிசையில் பெசன்ட் அம்மையாரின் காவல் மிகச் சிறியது. மூன்று மாதத்தில் முடிந்தது, கம்பி வேலி கிடையாது, உடன் இருந்தவர்களும் நண்பர்களே. ஆனால் பெண்களின் அரசியல் உரிமையைப் பொறுத்தவரை இந்த மலையில் நடந்த எதுவும் இந்த அளவுக்குத் தூரம் போனதில்லை என்பது என் கணிப்பு.

அந்த ஆண்டு செப்டம்பரில் விடுதலை. டிசம்பரில் கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டுக்கு அவரே தலைவர், காங்கிரஸின் முதல் பெண் தலைவர். 1921 ஏப்ரலில் சென்னை சட்டமன்றம் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்துத் தீர்மானம் நிறைவேற்றியது. பிரிட்டிஷ் ஆட்சியின் நேரடிப் பொறுப்பில் இருந்த மாகாணங்களில் அதுதான் முதல். அதே மலையில், குலிஸ்தானிலிருந்து நடந்து போகும் தூரத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு ஓட்டு வர இன்னும் முப்பது ஆண்டு ஆனது. போர்தான் பெண்களுக்கு உரிமை கொண்டுவந்தது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். போர் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். பலன் ஏன் ஒன்றாக இல்லை என்பதைத்தான் இந்த ஆய்வு பார்க்கிறது.

காவலுக்குப் பின்னால் இருந்த போர்

போர் இல்லாமல் இந்த உத்தரவே கிடையாது. 1915 மார்ச்சில் போரைக் காரணம் காட்டி இந்தியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வழக்கும் விசாரணையும் இல்லாமல் ஒருவரை ஓர் ஊருக்குள் அடைத்து வைக்க அரசுக்கு அது வழி கொடுத்தது. அதற்கு முன்பே 1910ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டம் கையில் இருந்தது. பெசன்ட் நடத்திய ‘நியூ இந்தியா’ நாளிதழுக்கு 1916இல் முதலில் 2,000 ரூபாய் ஈட்டுத்தொகை கேட்டார்கள். கட்டினார். அதைப் பறிமுதல் செய்துவிட்டு 10,000 ரூபாய் கேட்டார்கள். அதையும் கட்டினார். பத்திரிகை நிற்கவில்லை, பேச்சும் நிற்கவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் ஹோம் ரூல் லீக்கும் தொடங்கிவிட்டது. அப்புறம் அரசுக்கு மிஞ்சியது ஆளையே அப்புறப்படுத்தும் வழிதான்.

இன்னொரு பக்கம், அதே போர் அரசைக் கடனாளியாகவும் ஆக்கியிருந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து போரிடப் போனார்கள். அவர்களில் 74,000 பேர் அளவில் இறந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஆளும் பணமும் தரும் நாட்டிடம் நீங்கள் இன்னும் பக்குவப்படவில்லை என்று சொல்வது கடினமாகிக்கொண்டே வந்தது. பெசன்ட் இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டார். பேரரசுக்கு விசுவாசம் என்றும் சொல்வார், அந்த விசுவாசத்துக்கு விலை சுயாட்சி என்றும் சொல்வார். லண்டனில் 1888இல் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் வேலைநிறுத்தத்துக்குத் தோள் கொடுத்தவர். அரசுக்கு எந்த நேரத்தில் எங்கே வலிக்கும் என்று தெரிந்த கை.

காவல் வைத்ததும் அரசு எதிர்பார்க்காதது நடந்தது. அதுவரை ஒதுங்கியிருந்த ஜின்னா போன்றவர்கள் ஹோம் ரூல் லீக்கில் சேர்ந்தார்கள். உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற எஸ். சுப்பிரமணிய ஐயர் அமெரிக்க அதிபர் வில்சனுக்கே கடிதம் எழுதினார், தன் ‘சர்’ பட்டத்தையும் துறந்தார். பிரிட்டிஷ் அமைச்சரவையின் இந்தியச் செயலர் மாண்டேகு தன் நாட்குறிப்பில் இதைப் பற்றிக் கிண்டலாக எழுதி வைத்திருக்கிறார். சிவன் தன் மனைவியை 52 துண்டாக வெட்டினானாம், பார்த்தால் 52 மனைவிகள் நின்றார்களாம்; பெசன்ட்டைக் காவலில் வைத்தால் அரசுக்கும் அதே கதிதான் என்று. கதையை அவர் கொஞ்சம் தப்பாகக் கேட்டிருக்கிறார். நம் ஊர்ச் சக்தி பீடக் கதையில் வெட்டுவது சிவன் இல்லை. ஆனாலும் அரசியல் நிலவரத்தை அவர் சரியாகவே பிடித்துவிட்டார்.

ஆண்களைத் தடுத்த இடத்தில் பெண்கள்

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஜின்னா, திலகர், சுப்பிரமணிய ஐயரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. 1917 மே 8ஆம் தேதி, அதாவது காவல் உத்தரவுக்கு ஆறு வாரம்கூட முன்னால் இல்லை, அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கப்பட்டிருந்தது. பெசன்ட் தலைவர். வேலையை இழுத்துப்போட்டுச் செய்தவர்கள் மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா போன்றவர்கள். கசின்ஸ் அயர்லாந்துக்காரர், அங்கே பெண்கள் வாக்குரிமைக்குப் போராடிச் சிறைக்குப் போனவர், 1915இல் இங்கே வந்து மதனப்பள்ளியில் வேலை பார்த்தவர். ஆக, போராட்டத்தின் முறை தெரிந்த ஆள் ஊரில் இருந்தார், சங்கம் இருந்தது, உறுப்பினர்கள் இருந்தார்கள். கையில் எடுக்க ஒரு பிரச்சினை மட்டும்தான் இல்லாமல் இருந்தது. அதை பென்ட்லண்ட் கொடுத்தார்.

சென்னையில் ஆண்களின் ஊர்வலங்கள் தடுக்கப்பட்டன. பெண்கள் ஊர்வலமாகக் கோயிலுக்குப் போனார்கள். கோயிலுக்குப் போகும் பெண்களை எந்தச் சட்டத்தில் தடுப்பது? அந்த டிசம்பரில் கல்கத்தா தலைமையுரையில் பெசன்ட் இதைப் பெருமையாகவே சொன்னார். ஆண்களை நிறுத்தியபோது நாங்கள் நடந்தோம், கோயிலில் நாங்கள் வேண்டிக்கொண்டதால்தான் காவலில் இருந்தவர்கள் வெளியே வந்தார்கள் என்று சென்னைப் பெண்கள் பெருமை பேசுகிறார்கள் என்றார். லீக்குக்கு ஆள் சேர்ப்பதில் சிறந்தவர்களும் அவர்கள்தான் என்றார்.

வேண்டுதலால் விடுதலை வந்ததா என்பது அவரவர் நம்பிக்கை. ஆனால் அதுவரை கோலம் போடவும் திருவிழா பார்க்கவும் வீதிக்கு வந்த நடுத்தர வர்க்கப் பெண்கள், இந்த முறை ஓர் அரசு உத்தரவை எதிர்த்து வந்தார்கள். வேண்டுதல் என்ற பழைய வடிவம், அரசியல் என்ற புதிய சரக்கு. அவர்கள் வீட்டு ஆண்களும் தடுக்கவில்லை, ஏனென்றால் காரியம் நாட்டுக் காரியம். பெண் உரிமைக்காக மட்டும் ஊர்வலம் போயிருந்தால் அத்தனை வீடுகள் கதவைத் திறந்து விட்டிருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஆகஸ்ட் 20ஆம் தேதி மாண்டேகு லண்டன் பாராளுமன்றத்தில் அறிவிப்பு செய்தார்: இந்தியாவில் பொறுப்பாட்சி படிப்படியாக வரும். போர்க்கால நெருக்கடி இல்லாமல் அந்த அறிவிப்பு அந்த நேரத்தில் வந்திருக்காது. பின்னர் அவரே இந்தியாவுக்கு வந்தார். டிசம்பரில் சென்னையில் அவரையும் வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டையும் சரோஜினி நாயுடு தலைமையில் ஒரு பெண்கள் குழு சந்தித்தது. புதிய ஆட்சிமுறையில் ‘மக்கள்’ என்று எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் பெண்களும் அடக்கம் என்று எழுதுங்கள் என்பது அவர்களின் கோரிக்கையின் சாரம்.

அடுத்து வந்தது ஒரு சறுக்கல். வாக்குரிமையை ஆராய்ந்த சவுத்பரோ குழு, சமூக வழக்கங்களைக் காரணம் காட்டி, பெண்களுக்கு இப்போது வேண்டாம் என்று 1919இல் எழுதிவிட்டது. சரோஜினி நாயுடு, பெசன்ட், பம்பாயின் ஹீராபாய் டாட்டா, அவர் மகள் மித்தன் எல்லாரும் லண்டனுக்கே போய்ப் பாராளுமன்றக் கூட்டுக்குழு முன்னால் சாட்சி சொன்னார்கள். கடைசியில் 1919ஆம் ஆண்டுச் சட்டத்தில் பந்தை மாகாணங்கள் பக்கம் தட்டிவிட்டார்கள். பெண் என்ற காரணத்தால் இருந்த தடையை ஒரு மாகாணச் சட்டமன்றம் விரும்பினால் தீர்மானம் போட்டு நீக்கிக்கொள்ளலாம்.

நீக்குவதற்கு முதலில் கை தூக்கியது சென்னை. நீதிக்கட்சி ஆட்சியில் இருந்த காலம் அது, ஹோம் ரூல்காரர்களுக்கும் பெசன்ட்டுக்கும் அந்தக் கட்சி கடும் எதிரி. அப்படியிருந்தும் தீர்மானம் சுலபமாக நிறைவேறியது. பெசன்ட் மேல் இருந்த கோபம் பெண்கள் மேல் பாயவில்லை. இந்திய மாதர் சங்கம் கட்சிச் சண்டைக்கு வெளியே நின்று எல்லாரிடமும் பேசியதற்கு இதில் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். 1926இல் பெண்கள் உறுப்பினராகவும் வரலாம் என்று ஆனது. அந்த ஆண்டுத் தேர்தலில் கமலாதேவி சட்டோபாத்யாய் நின்று சொற்ப வாக்கில் தோற்றார். நியமன உறுப்பினராக உள்ளே போன டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927இல் அவையின் துணைத் தலைவர் ஆனார். தேவதாசி ஒழிப்புப் பேச்சைச் சட்டமன்றத்துக்குள் கொண்டுபோனவர் அவர்தான்.

எந்தப் பெண்ணுக்கு?

1921இல் நீங்கியது பெண் என்பதற்கான தடை மட்டும். சொத்துத் தடை அப்படியே இருந்தது. நிலவரி, நகராட்சி வரி, வருமான வரி இப்படி ஏதாவது கட்டுகிறவருக்குத்தான் ஓட்டு. நிலமும் வீடும் ஆண் பெயரில் இருக்கும் ஊரில், தன் பெயரில் வரி ரசீது வைத்திருக்கும் பெண்கள் எத்தனை பேர்? எஸ்டேட்டில் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய ‘லைன்’ வீட்டில் இருப்பவளுக்கு வீடே கம்பெனியுடையது.

இன்னொரு தகுதியும் இருந்தது, அதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற சிப்பாய்க்கு வரி கட்டாமலேயே ஓட்டு உண்டு. 1935ஆம் ஆண்டுச் சட்டம் இதைப் பெண்கள் பக்கமும் நீட்டியது. படிப்பறிவு உள்ள பெண், வாக்குத் தகுதி உள்ளவரின் மனைவி, இவர்களோடு சிப்பாயின் ஓய்வூதியம் வாங்கும் விதவை, தாய் ஆகியோரும் வாக்காளர் ஆனார்கள். போர் பெண்ணுக்கு நேரடியாகவே ஓட்டு கொடுத்த இடம் இது ஒன்றுதான். மகன் செத்தால் தாய்க்கு ஓட்டு. இதை உரிமை என்று சொல்வதா, நிவாரணம் என்று சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

அருவங்காட்டு மருந்தும் கிரெட்னாவின் பெண்களும்

ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவில், மலை ரயில் போகும் வழியிலேயே அருவங்காடு. 1900களின் தொடக்கத்தில் அங்கே நிறுவப்பட்ட தொழிற்சாலை துப்பாக்கிக்கான கார்டைட் மருந்தைத் தயாரித்தது. அதே மருந்தை முதல் போரின்போது பிரிட்டனில் பெருமளவில் செய்த இடம் ஸ்காட்லாந்து எல்லையிலிருந்த கிரெட்னா. நைட்ரோகிளிசரினையும் வெடிபஞ்சையும் கையாலேயே பிசைந்தவர்கள் அங்கே பெண்கள்தான், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். மஞ்சள் பூத்த தோல், வெடிவிபத்து, மயக்கம் எல்லாம் அந்தக் காலத்து வெடிமருந்துப் பெண்களின் தினசரி வாழ்க்கை. பிரிட்டனில் பெண்களுக்கு ஓட்டு கிடைத்ததற்கு இவர்களைத்தான் காரணமாகச் சொல்வது வழக்கம்.

1918 பிப்ரவரியில் வந்த சட்டத்தைப் படித்தால் அந்த வாதம் ஆட்டம் காண்கிறது. 30 வயது நிறைந்த, சொத்துத் தகுதி உள்ள அல்லது அப்படிப்பட்டவரை மணந்த பெண்ணுக்கு மட்டுமே ஓட்டு. வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் 30 வயதுக்குக் கீழே இருந்த இளம்பெண்கள். போரில் பணியாற்றிய ஆணுக்கு 19 வயதிலேயே ஓட்டு, போருக்கு மருந்து செய்து கொடுத்த 20 வயதுப் பெண்ணுக்கு இல்லை. அவளுக்கு 1928 வரை காத்திருப்பு. பிரான்ஸிலும் பெண்கள் அதே போல் தொழிற்சாலைகளில் வெந்தார்கள். அங்கே மேலவை 1922இல் பெண்கள் ஓட்டைத் தள்ளிவிட்டது, 1944இல்தான் கிடைத்தது. நியூசிலாந்து உலகப் போருக்கு வெகு முன்பே, 1893லேயே கொடுத்துவிட்டது.

இந்திய விவாதத்தில் போர் வேலை என்ற வாதம் பெரிதாக எழவே இல்லை. சென்னை சட்டமன்றத்துக்குக் கேள்வி, பெண்கள் போருக்கு என்ன செய்தார்கள் என்பதாக இல்லை. சுயாட்சி கேட்கிற நாம் நம் வீட்டுப் பெண்களுக்கு அதைத் தருவோமா என்பதாக இருந்தது. போர் சுயாட்சிப் பேச்சைச் சூடாக்கியது, அந்தச் சூட்டில் பெண்கள் சங்கம் தன் இரும்பை அடித்துக்கொண்டது.

கொழுந்து பறித்தவர்கள்

இனி மலையின் மறுபக்கம். பெசன்ட் ஊட்டியில் இருந்த அதே நாட்களில் தேயிலை எஸ்டேட்டுகளில் சமவெளியிலிருந்து கங்காணிகள் (ஆள் சேர்க்கும் மேஸ்திரிகள்) கூட்டி வந்த குடும்பங்கள் வேலை செய்துகொண்டிருந்தன. கொழுந்து பறிப்பது பெரும்பாலும் பெண்கள் வேலை. அட்டையும் மழையும் பனியும் ஒருபுறம், முன்பணக் கடன் மறுபுறம். சென்னை மாகாணத்தில் 1903ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் அப்போது நடப்பில் இருந்தது. ஒப்பந்தத்தை முடிக்காமல் வேலையை விட்டுப் போவது குற்றம், சிறைத்தண்டனை உண்டு. 1920களின் கடைசியில்தான் அது ஒழிந்தது. பெசன்ட் அம்மையாரை மலைக்குள் கட்டிப்போட்டதற்கு நாடே கொந்தளித்தது. எஸ்டேட்டுக்குள் கட்டிப்போடப்பட்டவர்களுக்கு ஒரு கோயில் ஊர்வலமும் இல்லை.

பெசன்ட்டோடு காவலில் இருந்த வாடியா, அடுத்த ஆண்டு 1918 ஏப்ரலில், சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைத்தான் சொல்கிறோம். பெரம்பூர் பக்கிங்ஹாம், கர்னாடிக் மில் தொழிலாளர்கள் அதில் திரண்டார்கள். தேயிலை மலையில் காவலில் இருந்தவர் சங்கத்தை மில் வாசலில் தொடங்கியதில் ஆச்சரியம் இல்லை. மில் தொழிலாளி மாலையில் வீட்டுக்குப் போவான், வழியில் டீக்கடையில் நிற்பான், அங்கே பேசலாம். எஸ்டேட்டில் லைன் வீடும் பாதையும் துரையின் நிலம். வெளியாள் உள்ளே கால் வைப்பதே அத்துமீறல். தென்னிந்தியத் தோட்டங்களில் தொழிற்சங்கம் வேர்விட இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டம் வரை ஆனது.

அந்தப் போர் தேயிலைக்கு நல்ல காலம். பிரிட்டனில் 1940இல் தேயிலை ரேஷனுக்கு வந்தது. பிரிட்டிஷ் அரசே மொத்தமாக வாங்கியது. 1942இல் ஜாவாவும் சுமத்ராவும் ஜப்பான் கையில் விழுந்ததும், நேச நாடுகளுக்கு இந்தியாவும் இலங்கையும் விட்டால் பெரிய வழி இல்லை. அந்தத் தேயிலை பெரும்பாலும் பெண்களின் விரலில் இருந்துதான் போனது. வெடிமருந்து அளவுக்கு அது போர்ப் பொருள்தான். ஆனால் கொழுந்து பறிப்பவளைப் போர்ப் பணியாளர் என்று யாரும் சொல்லவில்லை. அவள் செய்தது அவள் எப்போதும் செய்து வந்த வேலை. புதிதாக ஒரு பெண் தொழிற்சாலைக்குள் போனால் படம் எடுத்துப் போடுவார்கள். அறுபது ஆண்டாகக் கூடை சுமப்பவளுக்கு எதற்குப் படம்?

சரி, இந்தப் போரால் அவளுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லையா? கிடைத்தது, சுற்றி வந்து கிடைத்தது. போர்க்காலத்தில் உற்பத்தி தடைபடக் கூடாது என்ற கவலையிலும், போருக்குப் பிறகு என்ன செய்வது என்ற திட்டத்திலும் அரசு தொழிலாளர் நிலைமையை விசாரிக்கத் தொடங்கியது. டி.வி. ரேகே தலைமையில் தொழிலாளர் விசாரணைக் குழு 1944இல் அமைந்தது. தோட்டத் தொழிலாளர் பற்றிய ரேகேயின் தனி அறிக்கை 1946இல் வந்தது. கூலி, வீடு, மருத்துவம் எல்லாமே மோசம் என்று அதிலிருந்து தெரிந்தது. 1947இல் முத்தரப்பு மாநாடு, பின் 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம், நடைமுறைக்கு வந்தது 1954 ஏப்ரலில்.

அந்தச் சட்டத்தில் பெண்களுக்கென்று இருந்தவை காகிதத்தில் சிறியவை, வாழ்க்கையில் பெரியவை. ஐம்பது பெண்கள் வேலை செய்யும் எஸ்டேட்டில் குழந்தைக் காப்பகம் வேண்டும். பிள்ளைக்குப் பால் கொடுக்க இடையில் நேரம் வேண்டும். பேறுகாலப் பணம் வேண்டும். இரவு ஏழு மணியிலிருந்து காலை ஆறு மணி வரை வேலை வாங்கக் கூடாது. முதுகில் தூளி கட்டிக்கொண்டோ, லைனில் மூத்த குழந்தையிடம் கைக்குழந்தையை விட்டுவிட்டோ பறிக்கப் போன தலைமுறைக்கு இதன் அருமை தெரியும். கூலி மட்டும் இன்னும் இரண்டு விலையாகவே இருந்தது, ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்குக் குறைவாக ஒன்று. 1976ஆம் ஆண்டு சம ஊதியச் சட்டம் வரும் வரை கூலி அறிவிப்பிலேயே அந்த வித்தியாசம் அச்சாகி வந்தது. அந்தச் சட்டத்துக்கு எந்தப் போரும் காரணம் இல்லை. 1975 சர்வதேச மகளிர் ஆண்டு என்ற வெளி அழுத்தம் ஒரு காரணம்.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்றும் நீலகிரியிலேயே இருக்கிறது. கூடலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கம் இருக்கும் இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்களின் பாட்டிமார், இங்கிருந்த எஸ்டேட் பெண்களுக்கு இருபது ஆண்டு முன்பே ஓட்டுப் போட்டவர்கள். இலங்கையில் 1931இல் வயதுவந்த ஆண் பெண் எல்லாருக்கும் வாக்குரிமை வந்தது. வசிப்பிட நிபந்தனைகளோடு மலையகத் தமிழருக்கும் கிடைத்தது. போர் இல்லை, புரட்சி இல்லை. நாடு சுதந்திரம் பெற்று அமைதியாக இருந்த 1948, 1949ஆம் ஆண்டுகளில் குடியுரிமைச் சட்டமும் தேர்தல் சட்டத் திருத்தமும் அவர்களில் பெரும்பாலோரிடமிருந்து அதைப் பறித்தன. 1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவு. அவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை கொடுக்கத்தான் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் வந்தது, இன்றைய டேன்டீ. அந்தப் பெண்கள் இங்கே வந்து மறுபடி வாக்காளர் ஆனார்கள்.

ஒரு தாய், ஒரு மகள், ஒரு பட்டாளம்

இந்திய மாதர் சங்கத்தின் தொடக்க உறுப்பினர்களில் ஒருவர் அம்மு சுவாமிநாதன். பின்னாளில் அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்தவர். அவர் மகள் டாக்டர் லட்சுமி, 1943இல் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய ராணுவத்தில் ஜான்சி ராணி படைக்குத் தலைவர். அந்தப் படையில் துப்பாக்கி பிடித்தவர்களில் மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர். முதல் போரில் தாய் சங்கம் கட்டினார், இரண்டாம் போரில் மகள் படை கட்டினார். போஸின் படை தோற்றது. தோட்டத்துப் பெண்கள் ரப்பர் பால் எடுக்கத் திரும்பினார்கள்.

எதிர்ப்பக்கமும் இதே கதைதான். பிரிட்டிஷ் இந்திய ராணுவம் 1942இல் பெண்கள் துணைப்படை ஒன்றை அமைத்தது. தட்டச்சு, தொலைபேசி, ரகசியக் குறியீடு, வண்டி ஓட்டுவது என்று சுமார் 11,500 பெண்கள் அதில் சேர்ந்தார்கள். ஆங்கிலோ இந்தியர், கிறித்தவக் குடும்பத்துப் பெண்கள் முன்னால் வந்தார்கள். போர் முடிந்ததும் படையைக் கலைத்துவிட்டார்கள். சுதந்திர இந்தியா 1950இல் ராணுவச் சட்டம் இயற்றியபோது, அரசு குறிப்பிடும் பிரிவுகளைத் தவிர பெண்கள் சேரத் தகுதி இல்லை என்று 12ஆம் பிரிவில் எழுதி வைத்தது. செவிலியர் பணி, மருத்துவம் தவிர மற்றப் பிரிவுகளில் பெண் அதிகாரிகள் வர 1992 ஆனது. அதுவும் சில ஆண்டுகளுக்கான பணியாக. நிரந்தரப் பணிக்கு 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. குன்னூருக்கு அருகே வெலிங்டனில் 1947 முதல் இருக்கும் ராணுவப் பணியாளர் கல்லூரியின் நுழைவுத் தேர்வில் தரைப்படைப் பெண் அதிகாரிகள் முதல் முறையாகத் தேறியது 2022இல்.

1942இல் பதினோராயிரம் பெண்கள் சீருடை போட்டும் ஐம்பது ஆண்டு அது எங்கும் ஒட்டவில்லை. 1917இல் பெண்கள் கோயிலுக்கு நடந்தது நாலே ஆண்டில் சட்டமாக ஒட்டிக்கொண்டது. துணைப்படைக்குப் பின்னால், போர் முடிந்ததும் எங்கள் இடம் எங்கே என்று கேட்கும் சங்கம் இல்லை. அது அரசு திறந்து, அரசே மூடிய கதவு. மாதர் சங்கம் அரசு திறக்காத கதவைத் தட்டியது. போர் நடக்கும்போதே, அரசுக்கு ஆதரவு தேவைப்படும்போதே தட்டியது. எஸ்டேட் பெண்ணுக்குச் சங்கம் வந்ததே போர் முடியும் தறுவாயில் என்பதால் அவள் பங்கும் அந்த அளவுக்குத் தாமதம்.

சட்டத்தின் வேலி எங்கே முடிகிறது

1951ஆம் ஆண்டுத் தோட்டச் சட்டம் முதலில் 25 ஏக்கரும் 30 தொழிலாளரும் உள்ள தோட்டங்களுக்குத்தான் என்று இருந்தது. 1981 திருத்தத்தில் 5 ஹெக்டேர், 15 பேர் என்று இறக்கினார்கள். 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதன் இடத்துக்கு வரும் வரை அதுவே அளவு. நீலகிரித் தேயிலையில் பெரும்பங்கு இப்போது அந்த அளவுக்கும் கீழே இருக்கும் சிறு விவசாயிகளின் நிலத்தில் விளைகிறது. ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர், பச்சை இலையை ஃபேக்டரிக்குக் கொடுக்கும் குடும்பங்கள். விலை விழும்போது அவர்கள் நிலையும் பரிதாபம்தான், அதில் சந்தேகம் இல்லை. அவர்கள் தோட்டத்தில் நாள் கூலிக்கு இலை எடுக்கும் பெண்ணுக்குக் காப்பகமும் பேறுகாலப் பணமும் அந்தச் சட்டத்தின் கீழ் கிடைக்கவில்லை, ஏனென்றால் அவளுக்குப் பதினைந்து பேர் கொண்ட ஒரே முதலாளி இருக்கவில்லை. இன்று இங்கே, நாளை பக்கத்துத் தோட்டம். பெரிய எஸ்டேட்டுகளில் உள்ளூர்ப் பெண்கள் விட்டுப் போன இடத்துக்கு ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்திருக்கும் குடும்பங்களின் பெண்களுக்குக் காகிதத்தில் எல்லாம் உண்டு. தமிழ் தெரியாத அவர்களுக்கு அதைக் கேட்டு வாங்கித் தர, அவர்கள் மொழி பேசும் சங்க ஆள் ஒருவர் அந்த எஸ்டேட்டில் இருக்கிறாரா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.